கஞ்சித் துணிப் படகும் முப்பத்திரண்டு குட்டிகளும்

நான் கட்டிய படகு ஒன்றுகூட இதுவரை தண்ணீரில் முங்கியதில்லை.

பொய். மூன்று முங்கியிருக்கின்றன. நான்காவது முங்காததற்கு என் கைத்திறன் காரணமில்லை. அந்த வருஷம் கண்மாய்க்குத் தண்ணீரே வரவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களைப் போன்ற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இப்படித்தான். வாயைத் திறந்ததும் முதலில் பீற்றல் வந்து விழும். பின்னாலேயே உண்மை நொண்டிக்கொண்டு வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்பதை மட்டும்தான். நான் சொல்லச் சொல்ல உங்களில் கையெழுத்து நன்றாக இருக்கிற தம்பி எழுதிக்கொள்கிறார். அதனால் இதில் இருக்கிற இலக்கணம் அவருடையது. தப்பெல்லாம் என்னுடையது.

சட்டத்தை எப்படி வளைப்பது, மூங்கில் பட்டையை எத்தனை அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டுவது, பெயிண்டை எத்தனை கோட் அடிப்பது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. செல்போனைத் தட்டினால் உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. தண்ணீருக்கு நடுவில் கை நடுங்கும்போது என்ன செய்வது என்று அந்தப் போன் சொல்லாது. எனக்கும் அது தெரியாது. தெரிந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் சொல்கிறேன். பேரைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு. தங்கச்சி என்றே வைத்துக்கொள்வோம். நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

திருச்சுழிப் பக்கம் படகா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வருஷத்தில் நாலு மாதம் கண்மாயில் தண்ணீர் கிடந்தாலே பெரிய விஷயம். ஆனால் அந்த நாலு மாதத்தில் மீன் குத்தகை எடுத்தவர் வலை போட உள்ளே போயாக வேண்டும். பலகைப் படகு வாங்கினால் மிச்ச எட்டு மாத வெயிலில் காய்ந்து வெடித்து, அடுத்த மழைக்கு அடுப்பெரிக்கத்தான் ஆகும். துணிப் படகு அப்படியில்லை. மெல்லிய மரச்சட்டத்தின்மேல் துணியை இழுத்துத் தைத்து, பெயிண்டு அடித்தால் முடிந்தது. ஒற்றை ஆள் தலையில் வைத்துக்கொண்டு இந்தக் கண்மாயிலிருந்து அந்தக் கண்மாய்க்கு நடந்துவிடலாம். கோடையில் வீட்டுக்குள் உத்தரத்தில் கட்டித் தொங்கவிடலாம். நம் ஊருக்கு அதுதான் தோது.

நான் அப்போது கயிற்றுக் கட்டிலுக்குச் சட்டம் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் குத்தகைக்காரர் ஒருவர் வந்து, செல்போனில் ஒரு படம் காட்டினார். எந்த நாட்டுக்காரனோ, தாடி வைத்தவன், தன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து துணிப் படகு கட்டுகிறான்.

"இந்த மாதிரி ஒண்ணு செய்ய முடியுமாண்ணே?"

"இதுவா? பத்து செஞ்சிருக்கேன்" என்றேன்.

அதுவரை நான் படகில் ஏறியதுகூடக் கிடையாது.

சட்டம் நன்றாகவே வந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. காலில்லாத கட்டில்தானே படகு. துணிதான் தெரியாத விஷயம். அருப்புக்கோட்டையில் தெரிந்த தறிக்காரரிடம் போய், தறியிலிருந்து இறக்கின கையோடு கெட்டியான காடாத் துணி பதினைந்து மீட்டர் வாங்கி வந்தேன். தட்டினால் அட்டை மாதிரி நின்றது. இதைவிட நல்ல துணி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

தைக்க ஆள் வேண்டும். ரெட்டியபட்டியில் மிளகாய் மண்டிக்குச் சாக்குத் தைக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் தைத்த மூட்டையை லாரியிலிருந்து எறிந்தாலும் பிரியாது என்றார்கள். சொல்லி அனுப்பினேன். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. கையில் வளைந்த கோணி ஊசி, இடுப்பில் சணல் கண்டு, மெழுகுக் கட்டி ஒன்று. அதுதான் தங்கச்சி.

துணியை விரல்களுக்கு நடுவே வைத்துக் கசக்கினாள். அப்புறம் ஒரு முனையை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"அண்ணே, இது பூராம் கஞ்சியா இருக்கு."

"இருக்கட்டுமே. வெறப்பா இருக்கில்ல?"

"பாவு நூல் அந்துறக் கூடாதுன்னு தறிக்காரவுக போட்ட கஞ்சிண்ணே இது. இப்ப வெறப்பாத்தான் இருக்கும். இதுமேல பெயிண்டு அடிச்சா நூலுக்குள்ள எறங்காது. மேலாக்க உக்காந்துக்கும். தண்ணியில போட்டா கஞ்சி கரையும், பெயிண்டு உரியும், துணி சல்லடையாப் போகும். சுடுதண்ணியில ஊறப்போட்டு மூணு தடவ அலசிக் காயவச்சுக் குடுங்க. நாளைக்கழிச்சு வந்து தைக்கிறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் தெருவுக்கு அப்போது ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வண்டி வரும். வீட்டுக்கு ஆறு குடம். பதினைந்து மீட்டர் துணியை மூன்று தடவை அலச இருபது குடமாவது வேண்டும். "படகு அலசணும், தண்ணி குடுங்க" என்று அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டால் என்னை வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள். என் வீட்டுக்காரி துணியைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். துணியின் ஒரு முனையை மட்டும், இரண்டு முழம் இருக்கும், நான் குளிக்க வைத்திருந்த தண்ணீரில் நன்றாகக் கசக்கி அலசினேன். அன்றைக்கு நான் குளிக்கவில்லை, அந்த அளவுக்கு எனக்குத் தொழில் பக்தி. தங்கச்சி வந்தபோது அந்த முனையைத்தான் அவள் கையில் கொடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"பாதிக்கு மேல இன்னும் மொடமொடங்குதேண்ணே."

"வெயில்ல காஞ்சது தங்கச்சி, அப்படித்தான் இருக்கும். மூணு தடவ அலசியாச்சு. என் கையப் பாரு, தோலே உரிஞ்சுபோச்சு."

"நீங்க சொன்னாச் சரிண்ணே" என்றாள்.

அந்த வார்த்தை அப்போது இனித்தது. பின்னால்தான் குத்தியது.

அவள் தைத்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நூலில் மெழுகைத் தேய்த்து, ஒரு தையலுக்கு இரண்டு முடிச்சுப் போட்டு, சட்டத்தோடு துணியை இழுத்துக் கட்டிக்கொண்டே போனாள். அந்த விரல் போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நான் டீயை ஆறவிட்டுவிட்டேன். மறுநாள் வீரசோழன் கடைவீதியில் வாங்கி வந்த நீலப் பெயிண்டை மூன்று கோட் அடித்தேன். தட்டினால் தவில் மாதிரிச் சத்தம் வந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுத் தட்டச் சொன்னேன். மழை வந்ததும் கொண்டுபோகிறேன் என்று குத்தகைக்காரர் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் பார்த்து மழை வந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. தெருவே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. எல்லா வீட்டிலும் இருக்கிற குடம், வாளி, அண்டா அத்தனையையும் தாழ்வாரத்துக்குக் கீழே வரிசையாக வைத்து மழைத் தண்ணீர் பிடித்தார்கள். கண்மாய் பாதி நிறைந்தது. தங்கச்சி முதல் நாள் மழையில் கூலி வாங்க வந்தவள், ரோட்டில் தண்ணீர் ஓடியதால் ஆட்டோ கிடைக்காமல் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நாலாம் நாள் மத்தியானம் மழை விட்டுக் கொஞ்சம் வெயில்கூட அடித்தது. அப்போதுதான் மேற்கே இருக்கிற கண்மாய் உடைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் முழுக்க எங்கள் கண்மாய்க்குள் வந்து விழுந்தது.

கண்மாய்க்குள் ஒரு மண் திட்டு உண்டு. அந்தத் திட்டில் ஒரு கீதாரி, செம்மறியாட்டுக் கிடை போட்டு ஊர் ஊராகப் போகிறவர், குட்டிகளை விட்டிருந்தார். பெரிய ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும்போது பால்குடிக் குட்டிகளை மூங்கில் கூடாப்புக்குள் அடைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். பெரிய கூடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். நாலு கூடாப்பு, கூடாப்புக்கு எட்டு, மொத்தம் முப்பத்திரண்டு குட்டிகள். காலையில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் வந்த இடம் மத்தியானம் ஆளை முழுங்குகிற ஆழமாகிவிட்டது.

நான் கரைக்கு ஓடினபோது ஊரே அங்கே நின்றது. கீதாரி நல்ல உயரம், இரண்டு ஊருக்குக் கேட்கிற குரல். அந்த மனிதர் தலைத்துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். குட்டிகள் திட்டிலிருந்து கத்துகின்றன. கரையில் நிற்கிற தாய் ஆடுகள் பதிலுக்குக் கத்துகின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க எவனாலும் முடியாது.

"நீந்திப் போயிரலாமா?" என்றான் ஒருத்தன்.

"போடா, உள்ளுக்குள்ள பூராம் சீமைக்கருவேலம். முள்ளு உன்னைய வத்தல் மாதிரி கோத்து வச்சிரும்."

உண்மை. மழையில்லாத வருஷங்களில் கண்மாய்க்குள் முளைத்த மரமெல்லாம் தண்ணீருக்கு அடியில் முள்ளோடு நின்றது. தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டார்கள். தண்ணீர் ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடுவதால் சுற்றி வர வேண்டும் என்று பதில் வந்தது. அப்போது எவனோ கத்தினான்: "ஏலே, கட்டில்காரர் வீட்டுல படகு இருக்குல்ல!"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அப்படி ஒரு பார்வையை என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்மேல் போட்டதில்லை. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே நாலு பேர் ஓடிப்போய்ப் படகைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கீதாரி என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, தாங்குமா?"

"யானைய ஏத்தலாம்" என்றேன். வாய்தான் சொன்னது.

படகைத் தண்ணீரில் விட்டார்கள். அழகாகத்தான் மிதந்தது. யார் போவது என்று பேச்சு வந்தது. தங்கச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் போறேன். நான்தான் எடை கம்மி. துணி கிழிஞ்சாலும் தச்சுக்கிருவேன்."

ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தாள்.

தம்பிகளா, நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். ஊரே நிற்கிறது. கீதாரி கும்பிடுகிற மாதிரி நிற்கிறார். என்னைப் பெரிய மனுஷனாக நினைத்துவிட்டார்கள். நான் பேசாமல் இருந்தால் அவள் போவாள், ஒருவேளை ஒன்றும் ஆகாமல் திரும்பியும் வந்துவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த "ஒருவேளை"யை நான் இரண்டு மூச்சு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டாவது காலையும் தூக்கினாள்.

"தங்கச்சி, எறங்கு" என்றேன். "துணிய நான் அலசல."

எவனோ சிரித்தான், நான் வழக்கம்போல விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான்.

அவள் காலை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். "எத்தன தடவ அலசல?"

"ஒரு தடவகூட அலசல. உனக்குக் காட்டுன முனையை மட்டும்தான்."

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு அது நேரமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் அவள். குனிந்து படகின் துணியை உள்பக்கமாகத் தடவிப் பார்த்தாள். திட்டைப் பார்த்தாள். மறுபடி துணியைத் தடவினாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கஞ்சி ஒடனே கரையாது" என்றாள். "மொதல்ல ஊறி உப்பும். உப்புறவரைக்கும் அதுவே நூல் இடுக்கையெல்லாம் அடைச்சுக்கும். அப்பறந்தான் எறங்கும். முக்கா மணி தாங்கும்ணே. மூணு நடை உறுதி. நாலாவது நடையச் சொல்ல முடியாது."

"எப்ப எறங்குதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கீதாரி.

"மீனு சொல்லும். கஞ்சி வெளிய வந்தா கெண்டைக் குஞ்சு தின்ன வரும். மொய்க்க ஆரம்பிச்சிருச்சுன்னா படகு முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கு மேல யாரும் ஏறக்கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "ஏறுங்க. நீங்க செஞ்ச படகு, நீங்கதான் துடுப்புப் போடணும்" என்றாள்.

ஏறினேன். குட்டிகளின் குளம்பு துணியில் குத்தக்கூடாது என்று படகுத் தரையில் மிளகாய்ச் சாக்கை மடித்துப் போட்டாள். முதல் நடையில் எட்டுக் குட்டிகள் ஏறின. ஏறியதும் எட்டும் தும்மின. நானும் தும்மினேன். ஒரு குட்டி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கரை வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தது. கரையில் இறக்கிவிட்டதும் தாய் ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டு அதுவும் தும்மியது. எட்டு முடிந்தது.

இரண்டாவது நடையில், திரும்பி வரும்போது, எனக்கு வலப்பக்கம் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. முள். ஒரு சாண் நீளத்துக்குத் துணி கிழிந்து தண்ணீர் பீய்ச்சியது. நான் செய்தது என்ன தெரியுமா? எழுந்து நின்றேன். படகில் எழுந்து நிற்கிற ஒரே மிருகம் மனுஷன்தான்.

"உக்காருங்க!" அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "தண்ணிய அள்ளாதீக. கிழிசலக் கையால பொத்தாதீக. மெதுவா இடதுபக்கம் நகருங்க. குட்டியையும் இழுத்துக்கங்க."

நகர்ந்தேன். படகு இடப்பக்கம் சாய்ந்தது. கிழிசல் இருந்த வலப்பக்கம் தண்ணீருக்கு மேலே எழும்பி வந்தது. தண்ணீர் நின்றுவிட்டது. அவ்வளவுதான் வித்தை. அவள் எட்டிக் குனிந்து, நாலு தையல் போட்டு, மெழுகை அழுத்தித் தேய்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஓட்டை விழுந்தால் எல்லோரும் உள்ளே வந்த தண்ணீரோடுதான் மல்லுக்கட்டுவோம். அவள் தண்ணீரைப் பார்க்கவே இல்லை, ஓட்டையை மட்டும் பார்த்தாள். எத்தனையோ படகு பழுது பார்த்துவிட்டேன், இன்றைக்கும் அவசரத்தில் என் கை முதலில் தண்ணீரை அள்ளத்தான் போகிறது. அவளுக்கு எப்படி அன்றைக்கு, முதல் தடவையிலேயே, அது தோன்றியது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால், "மூட்டை கிழிஞ்சா கிழிசல மேல திருப்பித்தாண்ணே வைப்போம்" என்கிறாள்.

மூன்றாவது நடை போகும்போதே ஒன்றிரண்டு மீன் வந்து துணியைக் கொத்தியது. வரும்போது நூறு இருக்கும். கரைக்கு வந்து சேர்ந்தபோது படகைச் சுற்றித் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் துள்ளியது. நீலப் பெயிண்டு பாலாடை மாதிரி உரிந்து மிதந்தது. இருபத்து நாலு குட்டிகள் கரையில். எட்டு இன்னும் திட்டில். திட்டு கால்வாசிதான் தெரிந்தது.

"ஒரே நடை. நான் மட்டும் போயிட்டு வந்திர்றேன்" என்று துடுப்பைத் தூக்கினேன். என் தப்பை எப்படியாவது கழுவிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. அவள் துடுப்பைப் பிடுங்கிக் கரையில் எறிந்தாள்.

"செத்துப்போயி யோக்கியன்னு பேரு வாங்கப் பாக்கீகளா?"

கீதாரி குறுக்கே வந்தார். "விட்ருங்க தாயி. எட்டுக் குட்டிக்கு மனுச உசுரு வேணாம்." சொல்லிவிட்டுத் திட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் குட்டிகள்தான் அவருடைய அடுத்த வருஷம். அதை விட்டுவிட்டு அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். எனக்கு அது கிடையாது; நான் ஒரு அலுமினியத் தட்டைத் தொலைத்தாலே இரண்டு நாள் புலம்புகிறவன்.

தங்கச்சி கரையின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எங்கள் தெரு. வீடு வீடாகத் தாழ்வாரத்தின் கீழ் பிளாஸ்டிக் குடங்கள், பச்சை, சிவப்பு, மஞ்சள், எல்லாம் மழைத் தண்ணீர் தளும்ப நின்றன.

திடீரென்று கரையிலிருந்து இறங்கி ஓடினாள். முதல் வீட்டுக் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள்.

"ஆத்தாடி! இந்தச் சிறுக்கி தண்ணியக் கொட்டுறா!" என்று ஒரு பெரியம்மா அலறியது. குட்டி போகிறது என்றதைவிடப் பெரிய அலறல். எங்கள் ஊரில் யாரையும் எதுவும் சொல்லலாம், குடத்துத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"குடம் வேணும் பெரியம்மா! வெறுங்குடம் வேணும்! வாயக் கட்டிப் படகுக்குள்ள வச்சா, துணி போனாலும் படகு போகாது!"

பெரியம்மா திட்டுப் பக்கம் திரும்பியது. திட்டிலிருந்து குட்டிகள் கத்துகிற சத்தம் தெரு வரைக்கும் வந்தது. பிறகு அதுவே தன் இரண்டாவது குடத்தைத் தூக்கித் தெருவில் ஊற்றியது. "ஏண்டி பாத்துக்கிட்டு நிக்கீக? ஊத்துங்கடி!" என்று மற்றவர்களை விரட்டியது. அன்றைக்கு எங்கள் தெருவில் ஓடின தண்ணீர் அதற்கு முன்னும் பின்னும் ஓடினதில்லை. "என் குடத்துல பொட்டு வச்சிருக்கும், மாத்திக் குடுத்திராதீக" என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள்.

உரச்சாக்கின் உள்ளே வருகிற பிளாஸ்டிக் பையைக் கிழித்து, குடத்து வாயில் மூடி, சணலால் இறுக்கிக் கட்டினாள் தங்கச்சி. பன்னிரண்டு குடம். அவற்றைப் படகின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். திட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. நான் ஒரு முடிச்சோடு அடுத்த குடத்துக்குத் தாவினேன்.

"ரெண்டு முடிச்சு" என்றாள்.

"நேரமில்ல தங்கச்சி."

"நேரமில்லாததுனாலதான் சொல்றேன். நடுத்தண்ணியில அவுந்தா திரும்பக் கட்ட நேரம் இருக்குமா?"

இரண்டு முடிச்சுப் போட்டேன். இந்தத் தடவை உண்மையாகவே போட்டேன்.

நான் தனியாகப் போகிறேன் என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன். "உங்களத் தனியா விட்டா அங்க போயிக் குட்டிக்குக் கத சொல்லிக்கிட்டு இருப்பீக" என்று சொல்லி அவளும் ஏறிக்கொண்டாள்.

நாங்கள் போனபோது திட்டே இல்லை. முழங்கால் தண்ணீரில் கடைசிக் கூடாப்பு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிக் குடங்களுக்கு நடுவில் வைத்தோம். திரும்பும்போது பாதி வழியில் முன்பக்கத் துணி ஈரத் தாள் மாதிரி பிரிந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. முழங்கால், இடுப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். படகு விளிம்பு வரைக்கும் இறங்கி, அங்கே நின்றது. அதற்குமேல் முங்கவில்லை. பன்னிரண்டு குடமும் தாங்கிக்கொண்டன. குடத்துமேல் குட்டிகள், குட்டிகளைப் பிடித்துக்கொண்டு நாங்கள், எங்களைச் சுற்றி மீன் கூட்டம். மிச்சக் கஞ்சியை அவை விடுவதாக இல்லை. என் காலைக்கூடக் கொத்தின. தங்கச்சி இரண்டு குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "துடுப்ப நிறுத்தாதீகண்ணே, நிறுத்தாதீக" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். கரைக்குப் பக்கத்தில் வந்ததும் கழுத்தளவு தண்ணீரில் ஆட்கள் இறங்கி இழுத்துக்கொண்டார்கள்.

கீதாரி ஒவ்வொரு குட்டியின் தலையையும் தொட்டார். முப்பத்திரண்டு. ஒன்று அன்று சாயங்காலமே குளிரில் போய்விட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதுவும் என் முதல் வரி மாதிரி ஆகிவிடும்.

குடங்களைப் பொட்டுப் பார்த்துப் பிரித்து அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தது. படகு என்று சொல்ல வெறும் சட்டம்தான் கரையில் கிடந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் சணலைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். அதுவரைக்கும் நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இனி வரும் என்று எனக்குத் தெரியும். ஏழெட்டுச் சமாதானம் தயாராக வைத்திருந்தேன், தண்ணீர் வண்டி, வீட்டுக்காரி, குத்தகைக்காரர் அவசரம் என்று. அவள் எனக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். என் முகத்தை நேராகப் பார்த்து, "அண்ணே, நான் ஒண்ணு கேக்கேன், பதில் மட்டும் சொல்லுங்க" என்று...

இருங்கள். எங்கள் படகுக் கொட்டகையிலிருந்து தங்கச்சி கூப்பிடுகிறாள்.

"அண்ணே! எங்க போயிட்டீக? வீரசோழன் படகுக்குத் துணி ஏத்தணும்!"

"அங்கதான் அஞ்சு பேரு இருக்காகல்ல தங்கச்சி! நான் இந்தத் தம்பிகளுக்கு..."

"அஞ்சு பேரு இருந்தா என்ன? நீங்க வந்து ஒரு முனையப் பிடிங்க. நீங்க பிடிக்காம நான் ஊசி எடுத்திருக்கேனா?"

எடுத்ததில்லை. அன்றையிலிருந்து எடுத்ததில்லை. அன்றைக்குக் கரையில் அவள் கேட்டதும் இதைத்தான், அடுத்த துணிக்கு ஒரு முனையைப் பிடிப்பீகளா என்று.

எழுதினது போதும் தம்பி, கையைக் கொடு, முழங்கால் எழும்ப மாட்டேங்குது. வாரேன் தங்கச்சி, வாரேன்!